நடுவில் மட்டும் இளகிய தகடு

– அதைத் தொடாதீங்க சகலை. நேத்து முழுக்க உட்கார்ந்து மெருகேத்தி வெச்சிருக்கேன். உங்க விரல் எண்ணெய் பட்டா மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

– கை கழுவிட்டுத்தான் வந்தேன் அண்ணே.

– பட்டறைக்காரர் கழுவின கையும் கழுவாத கையும் எனக்கு ஒண்ணுதான். உட்காருங்க. அந்த ஸ்டூல் இல்ல, அது மைக்ராஸ்கோப் பாக்கறதுக்கு. இந்தா, இது.

– உட்கார்றேன். என்ன தெரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லிடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரியில விசாரணைக் குழு கூடுது. உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்களாம்.

– கூப்பிடட்டும். டைட்டானியத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத பெரிய மனுஷங்க நாலு பேர் எதிர்ல உட்கார்ந்து எனக்கு டீ குடுப்பாங்க. பிரமாதம். அதுக்கு முன்னால நீங்க சொல்லுங்க. தகட்டைக் குடுத்து அனுப்பினப்போ போன்ல என்னவோ உளறினீங்க, தலையும் புரியல, வாலும் புரியல. அந்த ஆள் என்ன செஞ்சான்?

– அவர் ஒண்ணுமே செய்யல அண்ணே. உயரக் கட்டடங்கள்ல வெளிப்பக்கக் கண்ணாடி துடைக்கிறவர். கயிறு நழுவி விழுந்ததுல முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டாப் போச்சு. என் வீட்டுக்காரிதான் ஆப்பரேஷன் பண்ணினா. உங்க உலோகத்துல என் பட்டறையில செஞ்ச தகட்டை வெச்சுத்தான் எலும்பைச் சேர்த்தா.

– அது தெரியும். அப்புறம் அவன் டாக்டர் பேச்சைக் கேக்காம எழுந்து நடந்திருப்பான். கயித்துல தொங்கிப் பழகினவன் கட்டில்ல கிடப்பானா?

– நீங்களும் அதையே சொல்றீங்களே. ஆஸ்பத்திரி நிர்வாகி அவர் பெண்டாட்டிகிட்ட முகத்துக்கு நேரா இதைத்தான் கேட்டார். அந்தம்மா அழக்கூட இல்ல. நீங்க குடுத்த ஊன்றுகோலை ஊன்றிக்கிட்டு, நீங்க சொன்ன அளவுக்குத்தான் காலைத் தரையில வெச்சார், வேணும்னா கேட்டுப் பாருங்கன்னு அமைதியா சொல்லிட்டுப் போயிடுச்சு. அது நிஜம். குளியலறைக் கண்ணாடி முன்னால நின்னு முகம் மழிச்சுக்கிட்டு இருந்திருக்கார். வலிக்கக்கூட இல்லையாம். கால் ஏதோ சாயுற மாதிரி இருந்ததுன்னு குனிஞ்சு பாத்தா, முழங்காலுக்குக் கீழே வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது.

– ம்.

– மறுபடியும் திறந்து, இதை எடுத்துட்டு, பழைய கலப்பு உலோகத் தகட்டை வெச்சிருக்கா. எலும்பு முனை நசுங்கிப்போச்சு. அந்தக் கால் கொஞ்சம் குட்டையாத்தான் இருக்கும். இனிமே கயித்துல ஏற முடியாது. அவருக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

– சரி. இப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு நான் சொல்லட்டுமா? என் உலோகம் மட்டம்னு சொல்ல வந்திருக்கீங்க. பத்து வருஷமா நான் இந்த ஆய்வுக்கூடத்துல குடும்பம் நடத்தினது வீண்னு சொல்ல வந்திருக்கீங்க. அதுவும் யாரு, கடைசல் மெஷினுக்கு எண்ணெய் விட மறந்து அதை எரிச்ச மனுஷர்.

– நான் அப்படிச் சொல்லவே இல்லையே.

– மூஞ்சியில எழுதியிருக்கு. இங்க வாங்க. வந்து திரையைப் பாருங்க. இடது பக்கம் என்ன தெரியுது?

– பொடிப் பொடியா... மணல் கொட்டின மாதிரி.

– அது நான் உங்களுக்குக் குடுத்த கம்பி. எந்த உலோகத்துக்குள்ளயும் இப்படி மணி மணியாத்தான் இருக்கும். சாதாரண டைட்டானியத்துல அந்த மணி பெருசு. நான் அதை வளைஞ்ச குழாய் வழியா திரும்பத் திரும்ப அமுக்கி, நசுக்கி, மணியை நூறுல ஒரு பங்கா ஆக்கறேன். எதையும் கலக்கல. உள் அமைப்பை மட்டும் மாத்தறேன். அதுக்கே மூணு மடங்கு பலம் வருது. ஏன்னு தெரியுமா? தெரியாது. தெரிஞ்சிருந்தா நீங்க ஏன் பட்டறை வெச்சிருக்கீங்க.

– சொன்னா தெரிஞ்சுக்கறேன்.

– உலோகம் வளையறதுன்னா உள்ளுக்குள்ள ஒரு வழுக்கல் ஓடறது. பெரிய மண்டபமா இருந்தா அது இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும். அதையே சுவர் சுவரா வெச்சு சின்னச் சின்ன அறையா தடுத்துட்டா? ரெண்டடி ஓடினா சுவர்ல முட்டும். என் உலோகம் பூரா சுவர். அதனாலதான் அலுமினியம், வனேடியம்னு எதுவும் சேர்க்காம, சுத்தமான டைட்டானியத்துலயே தகடு போட முடிஞ்சுது. மனுஷ உடம்புக்குள்ள வருஷக்கணக்கா கிடக்கிற சாமான்ல அதெல்லாம் இல்லாம இருந்தா நல்லதுதானே.

– அந்தப் பலத்தை நம்பித்தான் நாங்க தகட்டை மெலிசா இழைச்சோம். தோலுக்கு அடியில துருத்தாம இருக்கணும்னு அவதான் கேட்டா.

– ஆமா, மெலிசா இழைச்சீங்க. அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க. இப்ப வலது பக்கம் பாருங்க. இது அந்த ஆளோட கால்லேர்ந்து வந்த தகடு. நடுப்பகுதி.

– இது... கூழாங்கல் பரப்பின மாதிரி இருக்கு.

– பரவாயில்ல, கண்ணு நல்லாத்தான் இருக்கு. சுவரெல்லாம் போச்சு. பத்து அறை சேர்ந்து ஒரு அறை ஆச்சு, அப்படி நூறு சேர்ந்து ஒரு மண்டபம் ஆச்சு. இதைச் செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். சூடு.

– சூடுன்னா, ஆஸ்பத்திரியில கிருமி போறதுக்கு நீராவியில வைப்பாங்களே, அதுவா?

– பிரமாதம். உங்களை என் இடத்துல உட்கார வெச்சுட்டு நான் பட்டறையைப் பாத்துக்கறேன். நீராவி என்ன செய்யும், தூசியைத் தட்டும், அவ்வளவுதான். முந்நூறு டிகிரி வரைக்கும் இது அசையாது, இன்னும் கொஞ்சம் நல்லாக்கூட நிக்கும். நானூறைத் தாண்டினா சுவர் நகர ஆரம்பிக்கும். சிவக்கற அளவு போச்சுன்னா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் ஒண்ணாயிடும். மறுபடியும் சாதாரண டைட்டானியம். பலம் மூணுல ஒரு பங்கு. அதுவும் மெலிசா இழைச்ச தகடு. எப்படித் தாங்கும்?

– ஆனா பழைய கலப்பு உலோகத்தை நாங்க உலையில வெச்சுத்தானே எடுக்கறோம் அண்ணே. அதுக்கு ஒண்ணும் ஆகறதில்லையே.

– அதுக்குள்ள ரெண்டு ஜாதி மணி கலந்து இருக்கு. ஒண்ணு வளரப் பாத்தா இன்னொண்ணு குறுக்கே நின்னு மறிக்கும். அதனால சூட்டைத் தாங்கும். என்னோடது சுத்தம். மறிக்க ஆள் கிடையாது. கொஞ்சம் ஆக்சிஜன், கொஞ்சம் இரும்பு அழுக்கு, அதுங்க ஏதோ கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சு நிறுத்தும். சுத்தத்துக்கு நாம குடுக்கிற விலை அது.

– இதை நீங்க எங்ககிட்ட ஒரு தடவைகூட சொல்லலையே.

– எதை?

– சூடு ஆகாதுன்னு.

– இதையெல்லாம் சொல்லணுமா? நசுக்கிப் பலம் ஏத்தின உலோகத்தைக் காய்ச்சினா பலம் இறங்கும்னு படிக்கிற பசங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுக்கறாங்க. தண்ணி நனைக்கும், பாத்துக் குளிங்கன்னு உங்களுக்கு எழுதி ஒட்டணுமா?

– சரி விடுங்க. அப்ப நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க?

– யாரோ காய்ச்சியிருக்காங்கன்னு சொல்வேன். யார்னு கேட்டா, என் சகலையோட பட்டறைப் பக்கம் கையைக் காட்டுவேன்.

– காட்டுங்க அண்ணே.

– என்னது?

– பட்டறைதான்னு சொல்லுங்க. நான் அதைக் கேக்கத்தான் வந்தேன். என் தப்புதான். இழைச்ச பிறகு தகடு கொஞ்சம் முறுக்கிக்கிச்சு. பழைய வழக்கப்படி உலையில வெச்சு எடுத்துட்டேன். அதையே சொல்லிடுங்க. நானும் ஒத்துக்கறேன்.

– உலையில வெச்சீங்களா?

– ஆமா.

– தகடு முழுசையுமா?

– முழுசாத்தான். பாதி எப்படி வைக்கிறது?

– அடடா. பொய் சொல்றதுக்குக்கூட கொஞ்சம் மூளை வேணும் சகலை. உலையில வெச்சா முழுத் தகடும் ஒரே மாதிரி இளகியிருக்கும். நான் ஒரு முனையிலேர்ந்து மறுமுனை வரைக்கும் ஊசியால குத்திக் குத்திக் கடினம் பாத்திருக்கேன். இந்த முனை கல்லு. அந்த முனை கல்லு. நடுவுல மட்டும் இளகல். ஓரத்துக்குப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. இது உலை வேலை இல்ல. எவனோ கையில நெருப்பைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல காட்டியிருக்கான்.

– அப்ப... நான் பர்னரால காட்டினேன்னு வெச்சுக்குங்க.

– வெச்சுக்குங்களா? காய்கறி பேரம் பேசறீங்களா என்கிட்ட? இந்தத் திருகாணித் துளைக்குள்ள எட்டிப் பாருங்க. லென்ஸ் வழியா. மரையோட இடுக்குல நீலமா ஒரு கறை தெரியுதா? காத்துல காய்ச்சினா டைட்டானியம் நிறம் மாறும். மேல் பரப்புல அதை உப்புத்தாளால தேய்ச்சு எடுத்திருக்காங்க. கையால. கோடு ஏறுமாறா கிடக்கு. உங்க பட்டறையில கையால எதைத் தேய்க்கிறீங்க? எல்லாத்தையும் பொடிக்கல் நிரப்பின சுழல் பானையில போட்டு உருட்டித்தானே மெருகேத்தறீங்க. அதே தடவை செஞ்ச மத்தத் தகடு ரெண்டை உங்க பட்டறைப் பையன் கொண்டு வந்து குடுத்தானே, அதுங்களையும் குத்திப் பாத்தேன். முழுக்கக் கல்லு.

– மத்ததெல்லாம் நல்லா இருக்கா?

– ஏன், இப்படி நிம்மதியா பெருமூச்சு விடறீங்க?

– இன்னும் ஆறேழு பேர் கால்ல இந்தத் தகடு இருக்கு அண்ணே. உலோகமே கோளாறுன்னு நீங்க சொல்லிட்டா அத்தனை பேரையும் திரும்பக் கீறணும். அதை நினைச்சாலே எனக்குச் சோறு இறங்கல. அதனாலதான் பட்டறையில இந்த ஒரு தகட்டுக்கு மட்டும் நடந்த தப்புன்னு சொல்லச் சொல்றேன். வேற யாருக்கும் ஒண்ணும் ஆகாது. என் பட்டறைக்கு ஒரு வருஷம் பூட்டுப் போடுவாங்க. போடட்டும்.

– மத்தவங்க பிழைச்சாங்க. என் உலோகமும் பிழைச்சுது. ஆனா இதுல நீங்க எதுக்கு மாலை போட்டுக்கிட்டு முன்னால வந்து நிக்கறீங்கன்னு புரியல. தகடு உங்க பட்டறையை விட்டுப் போகும்போது நல்லாத்தான் இருந்திருக்கு. அப்புறம் போனது ஆஸ்பத்திரிக்கு. அங்க...

– அண்ணே, போதும். இதோட நிறுத்திக்கலாம்.

– அங்க நெருப்பு எங்க இருக்கு? ஆப்பரேஷன் அறையில இருக்காது. செயற்கைக் கால் செய்யற அறையில இருக்கும். பிளாஸ்டிக்கை வளைக்க அங்க கேஸ் பர்னர் வெச்சிருப்பாங்க. சகலை, இங்க பாருங்க. என் முகத்தைப் பாருங்க.

– பட்டறைன்னே சொல்லிடுங்க அண்ணே.

– நம்ம டாக்டரம்மாவா?

– அவ வேணும்னு செய்யல.

– பிரமாதம். கொள்ளை அழகு. மேல சொல்லுங்க, கேப்போம்.

– ஆப்பரேஷனுக்கு முந்தின நாள். ஸ்கேனை வெச்சு அந்த ஆளோட எலும்பு மாதிரியே ஒண்ணை பிளாஸ்டிக்ல அச்சடிச்சு வாங்கியிருந்தா. தகட்டை அது மேல வெச்சு முன்கூட்டியே வளைச்சு வெச்சுக்கிட்டா, மறுநாள் அவர் காலை ரொம்ப நேரம் திறந்து வெச்சுக்கிட்டு இருக்க வேண்டாம், அவருக்கும் ரத்தம் குறைச்சலாப் போகும்னு நினைச்சா. நல்லதுக்குத்தான். ஆனா உங்க தகடு வளையல. இடுக்கியை வெச்சு எவ்வளவு அமுக்கினாலும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்துடுது. கை சிவந்து போச்சு அவளுக்கு. எலும்புல ஒட்டாத தகட்டை முடுக்கினா எலும்பு கோணிக்கும்னு சொன்னா. அப்பத்தான் பக்கத்து அறைக்குப் போய்...

– காய்ச்சினா.

– நடுவுல மட்டும். அழகா வளைஞ்சு எலும்பு மேல உட்கார்ந்துடுச்சு. நீலமானதை உப்புத்தாளால தேய்ச்சுட்டு, கிருமி நீக்க அனுப்பினா. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் அன்னைக்கு.

– சந்தோஷம் இருக்காதா. பத்து வருஷ உழைப்பை மூணு நிமிஷத்துல பொசுக்கியிருக்கா. என் மாமனார் தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் நிறுத்திச் சொல்வாரே, என் சின்ன மக கைராசிக்காரின்னு. நல்ல ராசி. எலும்பை அறுக்கவும் ஆணி அடிக்கவும் தெரிஞ்சா தச்சு வேலை தெரிஞ்ச மாதிரி, அவ்வளவுதான். அதை வெச்சுக்கிட்டு உலோகம் தெரியும்னு நினைச்சா இப்படித்தான்.

– அவளைப் பேசாதீங்க அண்ணே.

– பேசாம? நீங்க அதைவிட மேல. அவளைக் காப்பாத்த என்கிட்ட வந்து உலைக் கதை சொல்றீங்க. என்னை என்ன முட்டாள்னு நினைச்சீங்களா? நாளைக்கு நடந்தது நடந்தபடி சொல்லப்போறேன்.

– நீங்க சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. அவளே சொல்லப்போறா. அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் நேத்தே போய்ச் சொல்லிட்டு வந்துட்டா. நான்தான் காய்ச்சினேன், உலோகத்து மேலயும் பட்டறை மேலயும் தப்பில்லன்னு. அந்தம்மா ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சாம். அதை வாங்கிக் குடிக்கவும் முடியல, வேணாம்னு சொல்லவும் முடியலன்னு வந்து அழுதா. அவ முந்திக்கிறதுக்கு முன்னால நீங்க பட்டறைன்னு சொல்லிட்டா குழு உங்களைத்தான் நம்பும்னு நான் கணக்குப் போட்டேன். நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது.

– தியாகச் செம்மல். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு அறிவு, ஜோடிப் பொருத்தம் அமோகம். அந்த ஆஸ்பத்திரி அவளை வெச்சுக்குமா?

– வெச்சுக்காதுன்னுதான் பேசிக்கறாங்க. ஒரு வருஷமாவது கத்தியைத் தொட விடமாட்டாங்களாம்.

– விடக்கூடாது. நான் அந்தக் குழுவுல இருந்தா ஆயுசுக்கும் விடமாட்டேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லத் தெரியாத திமிர் இருக்கே, அது குணமாகாத வியாதி. ஏன் சகலை, அந்தக் கையில போன்னு ஒண்ணு இருந்துதுல்ல? அக்கா புருஷன் ஒருத்தன் இதே உலோகத்தோட உயிரை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு தெரியும்ல? ஒரு போன். அத்தான், இதைக் காய்ச்சலாமான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கூடாதுன்னு சொல்லியிருப்பேன். அந்த ஆள் இன்னைக்கு ரெண்டு கால்ல நின்னுருப்பான். கேக்க வாய் வரல. கௌரவம். என்ன, ஏன் அப்படிப் பாக்கறீங்க?

– ஒண்ணுமில்ல. கிளம்பறேன்.

– பதில் சொல்லிட்டுப் போங்க. கேக்கறதுக்கு என்ன கேடு அவளுக்கு?

– உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. அக்கா குடும்பத்துல குழப்பம் வரக் கூடாதாம். குழுகிட்டயும் சொல்லமாட்டாளாம்.

– எதை?

– அவ உங்களைக் கேட்டா அண்ணே. உங்களுக்கு அது ஞாபகம்கூட இல்ல. அவளைக் கூட்டிட்டுப் போக நான் வந்திருந்தேன், பக்கத்துலயே நின்னேன், போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. வளைய மாட்டேங்குது அத்தான், சூடு காட்டலாமான்னு கேட்டா. தாராளமா காட்டு தாயே, கொல்லன் மாதிரி சிவக்கச் சிவக்கக் காட்டு, பாகு மாதிரி வளையும்னு சொல்லிட்டு வெச்சீங்க. எங்க ரெண்டு பேர்கிட்டயும் நீங்க எதைச் சொன்னாலும் அந்தக் குரல்லதானே சொல்வீங்க, அது கிண்டல்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?